தங்கவயலும் புழுதிமேடும்: கோலார்ப் பொற்சுரங்கங்கள் சுற்றுவாழ் மக்களுக்கு விட்டுச்சென்றவை பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

'கோலார் தங்கவயல்' என்னும் பெயர் தமிழ் மக்களிடையே நூறாண்டுக்கு மேலாக வழங்கி வருவது. ஆங்கிலேயர் இட்ட பெயரில் உள்ள 'பீல்ட்ஸ்' என்னும் சொல் கனிவளம் செறிந்த நிலப்பரப்பைக் குறித்தது. அச்சொல்லைத் தமிழாக்கியவர் அதனை 'வயல்' என்றனர். வயல் என்பது விளைவு தரும் நிலம். அறுத்தபின் மீண்டும் உழுது விதைத்தற்கு உரிய நிலம். சுரங்கமோ ஒருமுறை அறுத்தபின் மீண்டும் விதைத்தற்கு இயலாத நிலம். ஆகவே 'தங்கவயல்' என்னும் தொடர் செவிக்கு இனிதாயினும் பொருள் வகையால் ஆராய்தற்கு உரியது. அந்நிலத்தில் விளைந்தது யாது? எஞ்சியது யாது? எஞ்சியது யாருடைய வாயிலில் நின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பொன்னின் அளவையும், சுரங்கத்தின் ஆழத்தையும், பொறிகளின் சிறப்பையும் எழுதினர். அண்மைக் காலத்தில் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதினோரும் உளர். இருவகை வரலாறும் வேண்டுவனவே. ஆயின், பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் எங்கே சென்றது என்னும் வினா இருவகை நூல்களிலும் ஓரத்தில் நின்றுவிட்டது. அம்மண் எங்கும் செல்லவில்லை. மக்கள் குடியிருப்புகளின் அருகே குன்றுகளாக இன்றும் நிற்கின்றது. அதனையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.

2. சுரங்கத்துக்கு முற்பட்ட நிலை

கோலார் பழமை வாய்ந்த ஊர். கங்க மன்னர் தம்மைக் குவளாலபுரத்துக்கு உரியராகக் கூறிக்கொண்டனர். அக் குவளாலபுரமே இன்றைய கோலார் என்பது வரலாற்றறிஞர் முடிபு. சோழர் அந்நாட்டை வென்றபின் அப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திரன் காலம் முதலாகத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. எனவே, பிற்காலத்தில் தொழில் நாடிச் சென்ற தமிழருக்கு முன்னரே அந்நிலத்தில் தமிழ் வழங்கியது என்பது தெளிவு.

அந்நாடு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நாடு. மழைநீரை ஏரிகளில் தேக்கிக் கேழ்வரகும் பிற புன்செய்ப் பயிரும் விளைத்தலே அங்கு வேளாண்மை. பாலாறு அப்பகுதியில் தோன்றிப் பேத்தமங்கலம் வழியாக ஓடி, ஆந்திரத்தின் ஒரு பகுதியைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துள் புகுகின்றது. ஏரியே அம்மக்களுக்கு உயிர்நிலை என்பதை ஈண்டு மனத்திற்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை அறிதற்கு இது துணைபுரியும்.

அந்நிலத்தில் பொன் உண்டு என்பதை உள்ளூர் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1802-ஆம் ஆண்டில் நில அளவைப் பணியின்பொருட்டு அங்குச் சென்ற ஜான் வாரன் என்னும் படைத்துறை அலுவலர், பொன் பற்றிய செய்தி கொணர்வோர்க்குப் பரிசில் தருவதாக அறிவித்தார். சிற்றூர் மக்கள் மண்ணேற்றிய வண்டிகளுடன் வந்து, அவர் கண்ணெதிரே மண்ணைக் கழுவிப் பொன் துகளைப் பிரித்துக் காட்டினர். ஊரிகம், மாரிகுப்பம் ஆகிய ஊர்களின் பெயர்கள் அவருடைய அறிக்கையில் இடம்பெறுகின்றன.

இச்செய்தியை யாவரும் எடுத்துரைப்பர். ஆயின், அதனுள் அடங்கிய மற்றோர் உண்மையை எடுத்துரைப்பார் இலர். அம்மக்கள் கையாண்ட முறையில் நீரும் மண்ணும் மரத்தட்டுமே கருவிகள். கழுவிய மண் அருகிருந்த நிலத்திலேயே சேர்ந்தது. அதனுள் புதிதாகச் சேர்க்கப்பட்ட நஞ்சு யாதும் இல்லை. பாறையைப் பொறியால் மாவாக அரைக்கும் வழியும் அவர்களிடம் இல்லை. பொன்னும் சிறிது, கழிவும் சிறிது. கழிவு குன்றாகுமாறு பெருகியது பிற்காலத்து முறையால் ஆயதே.

3. சுரங்கமும் குடியேற்றமும்

வாரனுடைய குறிப்பை ஏறத்தாழ எழுபதாண்டு கழித்துப் படித்தவர் மைக்கேல் லவல் என்பார். பெங்களூரில் வாழ்ந்த அவர், மாட்டுவண்டியில் கோலார்ப் பகுதிக்குச் சென்று பார்வையிட்டு, 1875-இல் மைசூர் அரசிடமிருந்து சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். அவ்வுரிமை பிறர் கைக்கு மாறி, 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் மேற்பார்வையில் பெருந்தொழிலாக வளர்ந்தது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியன அவற்றுள் தலையாயவை.

தொழிலாளருட் பெரும்பாலார் வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றோர். அவருள்ளும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், ஊரில் நிலமில்லாதவர், பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் ஊரை விட்டு நீங்கியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் உழைத்தோர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயினர். அவர்களுக்குச் சுரங்க உரிமையாளர் அமைத்துத் தந்த குடியிருப்பே 'லைன்' எனப்பட்டது. மூங்கில் தட்டிச் சுவரும் மண்தரையும் உடைய சிறு குடில்கள் வரிசை வரிசையாக நின்றமையின் அப்பெயர் பெற்றன. அச்சொல்லை இன்றும் அங்குள்ள தமிழர் தம் ஊர்ப்பெயரோடு சேர்த்து வழங்குகின்றனர்.

லைன்கள் ஊர் அமைப்பின் இயல்புப்படி அமைந்தன அல்ல. ஊர் என்பது நீர்நிலையை ஒட்டி அமையும். லைன்களோ குழிவாயிலை ஒட்டி அமைந்தன. தொழிலாளி நடந்து சென்று முறைப்பணியில் புகவேண்டும் என்பதே இடந்தெரிவுக்குக் காரணம். பாறையை அரைக்கும் ஆலையும் அவ்வாறே குழிவாயிலுக்கு அருகில் அமைந்தது. அரைத்த கழிவை நெடுந்தொலைவு கொண்டுசெல்லுதல் செலவு ஆதலின், கழிவுமேடும் ஆலைக்கு அருகிலேயே உயர்ந்தது. ஆகவே குழி, ஆலை, மேடு, குடில் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் நெருங்கி நின்றன. செலவைச் சுருக்கும் கணக்கே இவ்வமைப்பை வகுத்தது. மக்கள் மேட்டின் அருகே சென்று குடியேறினர் என்று சிலர் இன்று கூறுவது பொருந்தாது. குடியும் மேடும் ஒரே முதலாளியின் நிலத்தில், ஒரே காலத்தில் வளர்ந்தவை.

4. சயனைடு முறையும் கழிவுமேடும்

தொடக்க நாளில் பாறையை இடித்துப் பொடியாக்கிப் பாதரசத்தின் துணையால் பொன்னைப் பற்றச்செய்தனர். அம்முறையில் பொன்னின் ஒரு பகுதி கழிவோடு சென்றது. 1887-இல் ஸ்காட்லாந்தில் மக்கார்தர் என்பாரும் பாரஸ்ட் உடன்பிறந்தார் இருவரும் சயனைடு முறையைக் கண்டு காப்புரிமை பெற்றனர். பொடித்த பாறையைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் பொன் அதனுள் கரையும். பின் துத்தநாகத்தின் உதவியால் அப்பொன்னைப் படியச்செய்வர். இம்முறை 1890-களில் கோலாருக்கு வந்தது.

இம்முறையின் வெற்றி பாறையை எவ்வளவு நுண்ணிதாக அரைப்பது என்பதைப் பொறுத்தது. கரைசல் ஒவ்வொரு பொன் துகளையும் தொடவேண்டும் ஆதலின், கல் மாவாதல் வேண்டும். மாவு நுண்ணிதாயின் பொன் மிகுதியாகக் கிட்டும். கழிவும் அதனளவில் நுண்ணிதாகும். காற்றில் எளிதாகப் பறக்கும் தன்மை அக்கழிவுக்கு அமைந்தது இக்காரணத்தாலேயே. கோலார்ப் பொன் பெரும்பாலும் படிகக் கல்லில் அமைந்தது. படிகக் கல்லாவது சிலிகா. எனவே மேடுகளில் குவிந்தது பெரும்பாலும் சிலிகாவும் கருங்கல் வகையும் கலந்த மாவு. சயனைடு வெயிலும் காற்றும் பட்டு நாளடைவில் சிதையும் இயல்பினது. ஆயின் சிலிகா சிதைவதில்லை. கல்லோடு இருந்த பிற உலோகக் கூறுகளும் மறைவதில்லை. மக்கள் அம்மேட்டைச் 'சயனைடு மேடு' என வழங்குவதால், நஞ்சு சயனைடு ஒன்றே என்றும், அது நீங்கினால் தீங்கு நீங்கும் என்றும் கருத இடமுண்டு. பெயர் காட்டுவது ஒன்று. பொருள் காட்டுவது மற்றொன்று.

கழிவின் அளவை ஒரு கணக்கால் விளக்குவாம். தங்கவயல் தன் வாழ்நாளில் ஐந்து கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாறையிலிருந்து ஏறத்தாழ 800 டன் பொன் தந்தது. சராசரியாக ஒரு டன் பாறைக்கு 16 கிராம் பொன். எட்டுக் கிராம் கொண்ட ஒரு சவரனுக்கு அரை டன் பாறை அரைபட்டது என்பது இதன் பொருள். ஆயின் சராசரி உண்மையை மறைக்கும். 1880-களில் ஒரு டன் பாறை 45 கிராமுக்கு மேல் தந்தது. அக்காலத்தில் ஒரு சவரனுக்கு இருநூறு கிலோவுக்கும் குறைந்த பாறையே போதியது. 1990-களில் ஒரு டன் பாறை மூன்று கிராம் அளவே தந்தது. அப்பொழுது அதே சவரனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேற்பட்ட பாறை வேண்டியதாயிற்று. பொன் வளம் குறையக் குறைய, ஒவ்வொரு சவரனும் விட்டுச்சென்ற புழுதி பெருகியது. செல்வம் முதலில் சென்றது. கழிவு பின்னர்க் குவிந்தது. செல்வம் பெற்றோரும் கழிவு பெற்றோரும் ஒருவர் அல்லர் என்பதற்கு இக்கணக்கே சான்று.

5. நிலத்தின் கீழும் மேலும் புழுதி

சிலிகாப் புழுதி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அது மீளா நோய்; காசநோய்க்கும் வழிகோலுவது. தங்கவயலில் இந்நோய் 1930-களில் மருத்துவரால் எடுத்துரைக்கப்பட்டது. 1940-இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் பற்றி விதிகளை இயற்றியது. அதன்பின் 1940 முதல் 1946 வரை நிகழ்ந்த மருத்துவ ஆய்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். அவருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர்க்கு அந்நோய் இருந்தது.

இவ்விதிகளும் ஆய்வும் இந்தியத் தொழில்நல வரலாற்றில் சிறப்பிடம் பெறுவன. ஆயின் அவற்றின் எல்லையை நோக்குதல் வேண்டும். விதி தொழிலாளியைக் கண்டது. அவன் குடும்பத்தைக் காணவில்லை. நிலத்தின் கீழ் உள்ள புழுதியை அளந்தது. மேலே உள்ள புழுதியை அளக்கவில்லை. இரண்டும் ஒரே கல்லின் புழுதி. குழியில் துளையிடும்போது எழும் புழுதியும், மேட்டில் ஆடிக்காற்றால் எழும் புழுதியும் ஒரே அளவினவல்ல என்பதை யாம் மறுக்கவில்லை. குழியின் மூடிய வெளியில் அது செறிந்து நிற்பது. மேட்டின் திறந்த வெளியில் பரந்து செல்வது. எனினும் குழியில் உழைப்போன் எட்டு மணி நேரம் கழித்து மேலேறுகின்றான். மேட்டின் அருகே வாழும் குழந்தைக்கும் முதியோர்க்கும் மேலேறும் நேரம் என்று ஒன்றில்லை. மேலும், குழி மூடப்பட்டதும் குழிப்புழுதி நின்றது. மேட்டுப்புழுதி நிற்கவில்லை.

தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மேடுகளினின்று வெண்சாம்பல் நிறப் புழுதி எழுந்து லைன்களின் மேல் படிகின்றது. கதவையும் பலகணியையும் அடைத்தலும், நீர்க்குடத்தையும் சோற்றுக் கலத்தையும் மூடிவைத்தலும், உலர்த்திய துணியை எடுத்துவிடுதலும் அங்கு வாழும் பெண்டிர்க்கு அம்மாதங்களின் அன்றாட வேலையாகின்றன. கண்ணெரிச்சல், தோல் அரிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை பற்றி மக்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர். இவ்வேலையும் இம்முறையீடும் எந்த உற்பத்திக் கணக்கிலும் ஏறவில்லை. பொன்னை எடுக்கும் செலவில் ஒரு பகுதியை ஊதியமின்றிச் செலுத்தியவர்கள் இப்பெண்டிர் என்று கூறின் அது மிகையாகாது.

6. நீரும் நிலமும்

சுரங்கத்துக்குப் பொன்னைக் காட்டிலும் இன்றியமையாதது நீர். பொறிகளுக்கும், ஆலைக்கும், குடிக்கும் நீர் வேண்டும். பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கல ஏரியினின்று குழாய்வழி நீர் கொணர்ந்தனர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியினின்று 92 கல் தொலைவு கம்பிவழி மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்குப் பெற்றது 1905-இல். இதனைத் தங்கவயலார் பெருமையாகக் கூறுவர். அது பெருமைக்கு உரியதே. ஆயின் இருவகை வழங்கலையும் ஒருங்குவைத்து நோக்கின், தொலைவிலுள்ள காவிரியும் அருகிலுள்ள பாலாறும் ஒருசேரக் குழிக்கு ஏவல் செய்தன என்பது புலனாகும். ஏரிநீரை வேளாண்மையின் பொருட்டுத் தேக்கிய நாட்டில், ஏரியின் முதற்கடன் சுரங்கத்துக்கு ஆயிற்று.

கழிவுமேடு நீரையும் தொட்டது. மழை மேட்டின் சரிவுகளில் ஓடைகளை அறுக்கின்றது. யாம் நேரிற் கண்ட மேடு ஒன்றில் அவ்வோடைகள் ஆளுயரம் ஆழ்ந்திருந்தன. அடிவாரத்தில் சேறு உலர்ந்து வெடித்துக் கிடந்தது. அவ்வாறு அரித்து வரும் மாவு தாழ்நிலத்துக் கால்வாய்களில் படிந்து அவற்றைத் தூர்க்கின்றது. வயலில் படிந்தால் மண்ணின் துளைகளை அடைக்கின்றது. அம்மாவில் மக்கிய இலைதழை இல்லை. பயிருக்கு உணவாகும் சத்தும் மிகக் குறைவு. மேடுகளின் பெரும்பரப்பு நூறாண்டு கழிந்தும் மரமின்றி நிற்பதற்குக் காரணம் இதுவே. மரமில்லாமையால் காற்று மாவை எளிதில் எடுக்கின்றது; காற்றும் மழையும் ஓயாது அரிப்பதால் செடி வேர்கொள்ள இயலவில்லை. இரண்டு குறையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

குழியின் ஆழமும் மேலே வாழ்வோரைத் தாக்கியது. சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றபோது, பாறை தன்மேல் உள்ள பளுவைத் தாங்காது திடீரென வெடித்தல் அடிக்கடி நிகழ்ந்தது. அதனால் குழியில் பலர் உயிரிழந்தனர். பெருவெடிப்புகளின் அதிர்ச்சி நிலநடுக்கம் போல மேலே பரவி வீடுகளின் சுவரிலும் பிளவு உண்டாக்கியது. வீட்டிலிருந்த பெண்டிர்க்கு அவ்வதிர்ச்சியே முதற்செய்தி. குழிக்குச் சென்றவன் மீள்வானோ என்னும் அச்சம் அதன்பின் வந்தது.

7. முறையீடு எழாமைக்குக் காரணம்

இத்தனை இன்னல் இருந்தும் தொழிலாளர் போராட்டங்களில் புழுதியும் மேடும் தலைமையிடம் பெறவில்லை. 1930-இல் நிகழ்ந்த பெரிய வேலைநிறுத்தம் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து எழுந்தது. பிற போராட்டங்கள் ஊதியத்தையும் உரிமையையும் பற்றியன. மக்கள் அறியாமையால் வாளா இருந்தனர் என்று கொள்ளுதல் தவறு. தங்கவயல் அறிவு விளக்கம் பெற்ற ஊர். அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் அங்கு வேரூன்றியது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. தம் சாதி இழிவை எழுத்தால் எதிர்த்த மக்கள், புழுதியைக் கண்டு அஞ்சி அடங்கினர் என்று கூறுவார் யார்?

காரணம் வேறு. குடிலும் முதலாளியுடையது, குழியும் முதலாளியுடையது, நீரும் மின்சாரமும் மருத்துவமனையும் அவ்வாறே. பணி இழந்தவன் வீட்டையும் இழப்பான். ஊதியத்தைப் பற்றி முறையிடுவோன் பணியில் நின்றுகொண்டே முறையிடலாம். மேட்டைப் பற்றி முறையிடுவோன் சுரங்கம் இயங்கும் முறையையே எதிர்த்தவன் ஆகின்றான். மேலும், விட்டு வந்த ஊரில் சேரியின் இழிவு காத்திருந்தது. அவ்விழிவினும் புழுதி மேல் என அவர்கள் கருதியிருத்தல் இயல்பே. ஆகவே அவர்களுடைய வாளாமையை இசைவு எனக் கொள்ளுதல் கூடாது. வேறு வழியின்மையை இசைவு என எழுதுவது வரலாற்றாசிரியர் செய்யும் பிழைகளுள் ஒன்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். சுரங்கம் இல்லையெனின் அம்மக்களுக்கு ஊதியமும் கல்வியும் தன்மானமும் கிட்டியிரா; அவற்றின் விலையாகப் புழுதியைக் கொள்ளலாகாதோ என்பர். சுரங்கம் தந்த நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயின் நன்மையும் தீமையும் ஒரு தராசில் வைக்கப்படுதற்கு இரண்டும் ஒருவரால் தெரிந்து ஏற்கப்பட்டனவாதல் வேண்டும். ஊதியம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. புழுதி எதிலும் எழுதப்படவில்லை. ஊதியம் 2001-இல் நின்றது; புழுதி நிற்கவில்லை. இன்று அம்மேட்டின் அருகே வளரும் குழந்தை சுரங்கத்திலிருந்து ஒரு காசும் பெறாதது. அதற்கு இத்தராசு பொருந்தாது.

8. உரிமை மாற்றமும் பொறுப்பும்

தங்கவயலின் உரிமை பலமுறை கைமாறியது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை நடுவண் அரசின் பொறுப்பில் வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியிழந்தனர். நீர் இறைக்கும் பொறிகள் நின்றன. குழிகளில் நீர் நிரம்பியது. இன்று அவ்வூரார் பல்லாயிரவர் விடியுமுன் எழுந்து தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் மீள்கின்றனர்.

ஒவ்வோர் உரிமை மாற்றத்திலும் பொறியும் கட்டடமும் இருப்பும் மதிப்பிடப்பட்டன. மேடும் உடன் கைமாறியது. ஆயின் அதனைக் காத்து அடக்கும் கடன் தெளிவாக யார்மேலும் சுமத்தப்படவில்லை. இந்தியாவில் நீர்மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலும், காற்றுமாசுத் தடுப்புச் சட்டம் 1981-இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இலும் வந்தன. அவை வந்தபோது மேடுகள் முன்னரே உயர்ந்து நின்றன. சுரங்கம் மூடுவதற்கு முன் நிலத்தைச் சீராக்கும் திட்டம் வகுத்தல் வேண்டும் என்னும் விதி 2003-இல் வந்தது. தங்கவயல் மூடப்பட்டதோ அதற்கு இரண்டாண்டு முன்னர். நூற்றிருபது ஆண்டு இயங்கிய தொழில், தன் கழிவுக்கு விடைகூறும் கடமை பிறப்பதற்குச் சற்று முன்னரே கண்மூடிற்று.

இப்பொழுது மேடுகள் மீண்டும் பேசப்படுகின்றன. 2024 சூன் மாதத்தில் கருநாடக அமைச்சரவை 13 கழிவுமேடுகளில், 1,003 ஏக்கர் பரப்பில், மீண்டும் பொன் பிரித்தெடுக்கும் முன்மொழிவுக்கு இசைவளித்தது. அம்மேடுகளில் உள்ள கழிவு ஏறத்தாழ 3.3 கோடி டன் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அதில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைந்த பொன்னே உளது. முன்னைய கணக்கைத் தொடர்ந்தால், ஒரு சவரனுக்கு எட்டு டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் கிளறுதல் வேண்டும்.

இதனால் நன்மை விளையுமா, தீமை விளையுமா? முறையைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க் நகரைச் சூழ்ந்திருந்த பொற்சுரங்க மேடுகளை 1970-களின் இறுதி முதல் நீரால் கரைத்தெடுத்து மீண்டும் பொன் பிரித்தனர். நகர நடுவில் நின்ற மேடுகள் பல மறைந்தன. ஆயின் மண் மறையவில்லை. நகருக்கு அப்பால் புதிய பெருமேடாயிற்று. அம்மேட்டின் அருகிலும் மக்கள் வாழ்ந்தனர். இவ்வெடுத்துக்காட்டு கற்பிப்பது இரண்டு. மேட்டை அகற்றுதல் இயலும். அகற்றியதை எங்கே வைப்பது என்னும் வினாவை மட்டும் அகற்றுதல் இயலாது.

9. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவுகள் இவை. முதலாவது, தங்கவயலின் கழிவுமேடு தற்செயலாக எழுந்ததன்று. நுண்ணிதாக அரைத்துச் சயனைடில் ஊறவைத்து அருகிலேயே கொட்டும் முறையின் நேர்ப்பயன். இரண்டாவது, குடியிருப்பு மேட்டின் அருகே அமைந்தது மக்களின் தெரிவன்று, சுரங்கத்தின் கணக்கு. மூன்றாவது, சட்டம் குழிப்புழுதியை நோயெனக் கண்டும் மேட்டுப்புழுதியைக் காணாது விட்டது. நான்காவது, உரிமை கைமாறியபோதெல்லாம் பொறுப்பு தேய்ந்தது.

தமிழ் இலக்கண மரபில் பாலைக்குத் தனி நிலம் வகுக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வெம்மையுற்ற நிலையே பாலை என்று இளங்கோவடிகள் கூறுவர். பாலை ஓர் இடமன்று. ஒரு நிலத்துக்கு நேர்ந்த நிகழ்ச்சி. அம்மரபின் கண்கொண்டு நோக்கின், தங்கவயலின் வெண்சாம்பல் மேடுகளும் இயற்கையாய் அமைந்த வறுநிலம் அல்ல. ஏரியும் புன்செயுமாய் இருந்த நிலத்துக்கு மனிதர் நேர்வித்த திரிபு. பழம் பாலை மழை பெய்தால் மீண்டும் முல்லையாகும். இப்புதுப்பாலைக்கு மழை மட்டும் போதாது. மனிதர் முயற்சியும் வேண்டும்.

ஆதலின், மேடுகளில் பொறி இறங்குவதற்கு முன்னர், அவற்றின் அருகே வாழும் மக்களின் உடல்நிலையையும், காற்றிலுள்ள சிலிகாவின் அளவையும், ஏரி கிணறுகளின் நீரையும் அளந்து எழுதிவைத்தல் இன்றியமையாதது. 1940-களில் குழியில் செய்த ஆய்வை மேலே செய்தல் என்பதே இதன் பொருள். அவ்வளவை இல்லாமல் தொடங்கினால், பின்னர் நேரும் தீங்கு பழையதா புதியதா என்னும் வழக்கு எழும். அவ்வழக்கில் என்றும் தோற்பவர் மேட்டின் அருகே வாழ்வோரே. லைன்களில் வாழும் முதியோர் நினைவில் உள்ளவற்றையும் தமிழ்த்துறையினர் காலந்தாழ்த்தாது தொகுத்தல் வேண்டும். பொன்னின் கணக்கு ஏடுகளில் உளது. புழுதியின் கணக்கு இன்னும் மக்கள் நினைவிலேயே உளது.